பேஸ்பாலில் 13 வயசுப் பையனுக்கு எந்தப் பொசிஷன்? ஷார்ட்ஸ்டாப், கேட்சர், சென்டர் ஃபீல்ட்: எப்படி முடிவு செய்வது?

இன்னிங்ஸ்9:

என் மகனுக்கு 13 வயது. வலது கை த்ரோ, வலது கை பேட்டிங். உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 47 கிலோ. இதுவரை 60 அடி பேஸ் மைதானத்தில் (பேஸுக்குப் பேஸ் 60 அடி) ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், தேர்ட் பேஸுக்கு நடுவில் நிற்பவன்), நடுநடுவே பிட்சிங் (பேட்டருக்குப் பந்து எறிவது). அடுத்த சீசனில் நேராக 90 அடி பேஸுக்குப் போகிறான். ரேடார் கன்னில் அவன் த்ரோ மணிக்கு 64 மைல் காட்டுகிறது.

ஒரு கோச் "கையும் நல்லா இருக்கு, பயமும் இல்ல, கேட்சர் ஆக்குங்க" என்கிறார் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்). இன்னொருவர் சென்டர் ஃபீல்ட் (வெளி மைதானத்தின் நடுப்பகுதி) என்கிறார். பையனுக்கு ஷார்ட்ஸ்டாப்பை விட மனசில்லை. ஆளாளுக்கு ஒன்று சொல்வதால், அபிப்பிராயத்தை விட்டுவிட்டு எதையாவது அளந்து பார்த்து முடிவு எடுக்க முடியுமா என்று தெரிய வேண்டும். கேட்சர் ஆனால் வளர்ச்சிக்குக் கெடுதலா? பிட்சிங்கையும் தொடரலாமா?

டபுள்ப்ளே:

அளக்க முடியும். ஆனால் அவன் இதுவரை ஷார்ட்ஸ்டாப்பில் நின்றதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன மைதானத்தில் அணியிலேயே துடிப்பான பையனை ஷார்ட்ஸ்டாப்பிலும் மவுண்டிலும் (பிட்சர் நிற்கும் மேடு) போடுவார்கள், பந்தே போகாத ரைட் ஃபீல்டில் புதுப் பையனைப் போடுவார்கள். அது அணியின் அவசரம், பையனின் திறமைக்கான தீர்ப்பு கிடையாது.

மைதானம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். 60 அடி பேஸில் ஹோமிலிருந்து (பேட்டர் நிற்கும் பிளேட்) செகண்ட் பேஸ் சுமார் 85 அடி. 90 அடி பேஸில் அதுவே 127 அடி 3⅜ அங்குலம். மவுண்ட் 46 அடியிலிருந்து 60 அடி 6 அங்குலத்துக்குத் தள்ளிப் போகிறது. பேஸ் தூரம் ஒன்றரை மடங்கு ஆகிறது. பையனின் கை ஒரே வருடத்தில் ஒன்றரை மடங்கு ஆகாது.

ஷார்ட்ஸ்டாப் வேலை முழுக்க நேரக் கணக்கு. மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்ட லீக்) ஸ்கவுட்கள், அதாவது ஆள் தேடுகிறவர்கள், வைத்திருக்கும் அளவுப்படி, பந்தை அடித்த கணத்திலிருந்து ஃபர்ஸ்ட் பேஸைத் தொட வலது கை பேட்டருக்குச் சராசரி 4.3 விநாடி, இடது கை பேட்டருக்கு 4.2. 13 வயதுப் பையன்களில் பலர் 4.8 முதல் 5 வரை எடுப்பார்கள். சாதாரண கிரவுண்டர் (தரையில் உருண்டு வரும் பந்து) ஷார்ட்ஸ்டாப்பிடம் வந்து சேர 1.8 முதல் 2 விநாடி. ஆகக் கையில் மிஞ்சுவது 3 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. 64 மைல் என்றால் விநாடிக்கு 94 அடி. ஷார்ட்டிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் சுமார் 125 அடி என்று வைத்தால் 1.33 விநாடி, காற்று பிடித்து இழுப்பதால் 1.45 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை எடுத்து, காலை மாற்றி, விடுவிக்க 1.3 விநாடி கிடைக்கும். இன்றைக்கு இது போதும். மூன்று வருடத்தில் ரன்னர்கள் 4.4-க்கு வந்துவிடுவார்கள், அப்போது 1.3 கிடைக்காது. ஆகவே பார்க்க வேண்டியது இன்றைய வேகத்தை விட, விடுவிக்கும் நேரம் குறைய இடம் இருக்கிறதா என்பது. கை பலம் உடம்பு வளரும்போது கூடவே வரும். கால் வேலை தானாக வராது.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கட்டைவிரல் பிழையே கால் விநாடி வரை போகும். போன் கேமராவில் 60 ஃபிரேம் வைத்து எடுத்து, ஃபிரேமை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 0.017 விநாடி.

90 அடி மைதானத்தில், ஷார்ட்டின் சரியான ஆழத்தில் நிறுத்தி 30 கிரவுண்டர். 10 நேராகவும் கிளவுஸ் பக்கமும், 10 பேக்ஹேண்ட் (கிளவுஸ் கைக்கு எதிர்ப்பக்கம் வருவது), 10 மெதுவாக உருண்டு வருவது. ஒவ்வொன்றுக்கும் பந்து கிளவுஸைத் தொட்டதிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ்மேன் கிளவுஸைத் தொடும் வரையிலான நேரம், கூடவே த்ரோ எத்தனை முறை தரையில் பட்டது என்பதும். நடுவில் இடைவெளி கொடுங்கள், சோர்ந்த கையை அளந்து பயனில்லை.

அடுத்த நாள் சென்டர் ஃபீல்டில் 20 ஃப்ளை பால் (உயரே அடித்த பந்து). அதில் குறைந்தது எட்டு, தலைக்கு மேல் நேராகப் போகும் லைன் டிரைவாக இருக்கட்டும், அவுட்ஃபீல்டில் படிக்கக் கடினமான பந்து அதுதான். பிடித்தானா என்பது அப்புறம். முதல் அடி எந்தப் பக்கம் வைத்தான் என்று எழுதுங்கள். முதல் அடி முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் ஓடுகிறவன் கால் வேகத்தால் பிடித்திருப்பான், அது பெரிய மைதானத்தில் எடுபடாது.

மூன்றாவதாக 60 யார்டு ஓட்டம், அதில் முதல் 10 யார்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேஜர் லீக் ஸ்கவுட்களுக்கு 6.8 விநாடி சுற்றுவட்டாரம் சராசரி. இந்த வயதில் அந்த எண்ணோடு ஒப்பிட வேண்டாம். 10 யார்டு நன்றாக இருந்து 60 சுமாராக இருந்தால் இன்ஃபீல்ட் (பேஸ்களை ஒட்டிய உள்பகுதி) பக்கம், தலைகீழாக இருந்தால் அவுட்ஃபீல்ட் பக்கம் சாய்கிறான் என்று கொள்ளலாம்.

கிரவுண்டர் வீடியோவில் இன்னொன்றையும் பாருங்கள். பந்து பிளேட்டைக் கடக்கும் நேரத்தில் அவன் இரண்டு காலும் தரையில் பட்டு, முன்பாதத்தில் எடை இருக்கிறதா? தாமதமாக இறங்கினால் "ரிஃப்ளெக்ஸ் குறைவு" என்று தோன்றும். அது ரிஃப்ளெக்ஸே இல்லை, டைமிங். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் விஷயத்துக்காகப் பையனை ஷார்ட்டிலிருந்து தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் பையன் இடது கை த்ரோ என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஷார்ட், செகண்ட், தேர்ட் மூன்றிலும் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டும், அங்கேயே நேரம் போய்விடும். ஃபர்ஸ்ட் பேஸ், அவுட்ஃபீல்ட், பிட்சிங். அவ்வளவுதான்.)

முகமூடி:

கேட்சர் பத்தி மட்டும் நான் சொல்றேன் சார். கை பலம், பயமின்மை, இந்த ரெண்டை மட்டும் வச்சு கேட்சர் ஆக்குறது ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு. முதல்ல இடுப்பையும் கணுக்காலையும் பாருங்க. வெறுங்காலோட குதிகால் தரையில பதிஞ்சபடி முழுசா உக்கார சொல்லுங்க, ஒரு நிமிஷம். குதிகால் தூக்குதா, முதுகு வளையுதா, பின்னால சாயுறானா? அப்படின்னா முதல்ல மூட்டு வளைவுக்கு வேலை பண்ணணும். இல்லாட்டி ஒரு இன்னிங்ஸுக்கு 15, 20 பிட்ச் உக்காந்து எழுந்தாலே மூணாவது இன்னிங்ஸ்ல முழங்கால் பேச ஆரம்பிச்சிடும்.

அப்புறம் பிளாக்கிங். முழு கியர் போட்டு, 40 அடியில இருந்து டென்னிஸ் பால் 20, பிளேட்டுக்கு முன்னால தரையில குத்துற மாதிரி போடுங்க. பிடிச்சானான்னு பாக்காதீங்க. முகத்தைத் திருப்புறானா, கண்ணை மூடுறானா, மிட்டை (கேட்சர் கிளவுஸ்) வச்சு பிடிக்கப் போறானா? நல்ல கேட்சர் பிடிக்க முயற்சி பண்ண மாட்டான். மிட்டைக் காலுக்கு நடுவுல தரையில வச்சு, தாடையை நெஞ்சோட சேத்து, நெஞ்சுல வாங்கி முன்னால விழ வைப்பான். 20-ல 12 தடவை முகம் திரும்பினா, கத்துக் கொடுக்கலாம், ஆனா காலம் எடுக்கும். 20-லயும் முகம் திரும்பினா அவன் உடம்பே வேண்டாம்னு சொல்லுது, விட்டுடுங்க.

பாப் டைம் கேள்விப்பட்டிருப்பீங்க. பிட்ச் மிட்டுல பட்டதிலிருந்து செகண்ட் பேஸ்ல நிக்கிறவன் கிளவுஸ்ல பட்ற வரைக்கும். மேஜர் லீக்ல 2.0 சராசரி, 1.9 ரொம்ப நல்லது. இதுல மூணுல ஒரு பங்கு சுமாரா எக்ஸ்சேஞ்ச், அதாவது மிட்டுல இருந்து கைக்கு வந்து விடுறது, பெரியவங்களுக்கு சுமாரா 0.7. உங்க பையன் 64 மைல்ல எறிஞ்சா 127 அடிக்கு 1.5 ஆகும், எக்ஸ்சேஞ்ச் 0.9-ன்னு வச்சா 2.4. அந்த வயசுக்கு அது மோசமில்ல. பாப் டைமைக் குறைக்க வலு ஏத்துறதை விட, பந்தை மிட்டுல வாங்கும்போதே வலது கால் நகர ஆரம்பிக்கணும். நின்னு பிடிச்சுட்டு அப்புறம் காலை வைக்கிறவன் 0.15 அங்கேயே தொலைக்கிறான்.

வளர்ச்சி பத்தி கேட்டீங்க. கேட்சிங்கால உயரம் குறையும்னு ஒண்ணும் இல்ல. ஆனா 12-லிருந்து 15 வரை எலும்பு வேகமா நீளும்போது முழங்காலுக்குக் கீழ, முன்பக்க எலும்பு முட்டுல வலி வர்றது சகஜம், ஆஸ்குட்-ஷ்லாட்டர்னு சொல்வாங்க. குதிகால்லயும் வரும், அது சீவர்ஸ். உக்காந்து எழுறது முழங்கால் வலியை ஏத்தும். வலி இருக்கிற சீசன்ல கேட்சர் கிடையாது, பேச்சே இல்ல.

இடது கை கேட்சர் ஏன் இல்லன்னு ஒருத்தர் கேப்பார். 1989-ல மேஜர் லீக்ல பைரேட்ஸ் அணிக்காக பென்னி டிஸ்டெஃபானோ 3 ஆட்டத்துல நின்னார். விதி தடுக்கல, பழக்கம் தடுக்குது.

ரெஸ்ட்டே:

பிட்சிங் கேள்விக்கு மட்டும் பதில். அமெரிக்காவில் மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் 13–14 வயதுக்கு ஒரு நாளுக்கு அதிகபட்சம் 95 பிட்ச். 20 வரை போட்டால் ஓய்வு நாள் தேவையில்லை. 21–35-க்கு ஒரு நாள், 36–50-க்கு இரண்டு, 51–65-க்கு மூன்று, 66-ம் அதற்கு மேலும் என்றால் நான்கு. இது ஆட்டத்தில் பேட்டருக்குப் போட்ட பிட்ச் மட்டும். வார்ம்அப், புல்பென் (ஆட்டத்துக்கு வெளியே பிட்ச் பயிற்சி), ஷார்ட்டிலிருந்து எறிந்த த்ரோ எதுவும் கணக்கில் வராது. கை அதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

இதில்தான் பொசிஷன் முடிவு நுழைகிறது. கேட்சர் ஒவ்வொரு பிட்சையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறான். ஆட்டத்துக்கு நூறு த்ரோ சுலபமாகத் தாண்டும். பிட்சர், கேட்சர் இரண்டும் ஒரே பையன் என்றால் ஓய்வு நாள் என்பதே பெயரளவில்தான் இருக்கும். சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் 41 பிட்ச் போட்டவன் அன்றைக்கு மீதி நேரம் கேட்சராக நிற்கக் கூடாது, நாலு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்றைக்குப் பிட்ச் செய்யக் கூடாது என்று விதியே உண்டு. உங்கள் லீகில் விதி இல்லாவிட்டாலும் அதையே கடைப்பிடியுங்கள்.

பிட்ச் செய்த மறுநாள் அவனை செகண்ட் பேஸில் நிறுத்தலாம், த்ரோ குறுகியது. ஷார்ட், தேர்ட், ரைட் ஃபீல்ட் வேண்டாம். முழங்கையின் உட்புறம் தொட்டால் வலித்தால், அல்லது வேகம் குறையாமல் துல்லியம் மட்டும் திடீரென்று கெட்டால், அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் உட்புற எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. இழுபடுவது முதலில் அதுதான், தசைநார் அப்புறம். வருடத்தில் மொத்தம் நாலு மாதம் பிட்சிங் இல்லாமல், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகத் தோளுக்கு மேல் எறிவதே இல்லாமல் இருக்க வேண்டும்.

இன்னிங்ஸ்9:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி மூன்று தனித்தனி நாட்களில் எடுத்தோம்.

கிரவுண்டரில் சரியாக எடுத்தது: நேர் 10-ல் 9, பேக்ஹேண்ட் 10-ல் 6, மெதுவாக உருள்வது 10-ல் 8. கிளவுஸ் முதல் கிளவுஸ் வரை நேர் பந்தில் சராசரி 2.7, பேக்ஹேண்டில் 3.2. பேக்ஹேண்ட் த்ரோ பெரும்பாலும் இரண்டு பௌன்ஸ்.
ஃப்ளை பால்: 20-ல் 16 பிடித்தான். முதல் அடி 17 முறை சரி.
60 யார்டு 7.8, முதல் 10 யார்டு 1.85.
குதிகால் தரையில் வைத்து உட்கார முடியவில்லை, 20 விநாடியில் தூக்கிவிடுகிறது. பிளாக்கிங்கில் 20-ல் 5 முறைதான் முகம் திரும்பியது. பாப் டைம் 2.55.

டபுள்ப்ளே:

நல்ல தகவல். இதில் எனக்குப் பிடித்த எண் மெதுவாக உருளும் பந்தில் 8. ஓடி வந்து, கீழே எடுத்து, ஓட்டத்திலேயே எறிவது கற்றுக் கொடுப்பதற்குக் கடினம், அது அவனிடம் ஏற்கனவே இருக்கிறது. கைவாகு சந்தேகமே இல்லாமல் இன்ஃபீல்டர்.

பேக்ஹேண்ட் 3.2 பயமுறுத்தும் எண், ஆனால் காரணம் கையா காலா என்று வீடியோவைப் பாருங்கள். பந்தை எடுத்த பிறகு வலது கால் வெளி விளிம்பில் ஊன்றி உடம்பு தேர்ட் பேஸ் பக்கமே போய்க்கொண்டிருந்தால், த்ரோ வெறும் தோளிலிருந்து வரும், இரண்டு பௌன்ஸ் அதனால்தான். வலது பாதத்தின் உள் விளிம்பு பிரேக் போட வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், மார்பு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் வந்த பிறகே கை. பந்து உருட்டாமல், தரையில் வைத்த பந்தை எடுத்து எறிய வைத்து ஒரு நாளைக்கு 15 முறை, வாரம் மூன்று நாள். அதுவரை ஆட்டத்தில் அந்த த்ரோவை வேண்டுமென்றே ஒரு நீள பௌன்ஸாகப் போடச் சொல்லுங்கள், ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு 12, 15 அடி முன்னால் குத்தி எழும்படி. அவர் காலடிக்கு மூன்று நாலு அடி முன்னால் குத்தும் த்ரோதான் எல்லாவற்றையும் விட மோசம், எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

என் முடிவு: அடுத்த சீசனில் ஆட்டத்தில் செகண்ட் பேஸ் முதன்மை, சென்டர் ஃபீல்ட் இரண்டாவது. பயிற்சியில் தினமும் ஷார்ட்டிலேயே கிரவுண்டர் எடுக்கட்டும். செகண்ட் பேஸில் பேக்ஹேண்ட் த்ரோ ஷார்ட்டை விடக் குறுகியது, அதனால் இப்போதைய குறை மறையும். ஆனால் டபுள் ப்ளேயில் (ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது) ரன்னருக்கு முதுகைக் காட்டித் திரும்பும் கால் வேலை புதுசு. பேஸின் மேல் நின்று எறிய விடாதீர்கள். இடது காலால் பேஸைத் தொட்டு, மவுண்ட் பக்கமோ பின்பக்கமோ விலகிய பிறகு எறியட்டும். அடிபடுவது பெரும்பாலும் பேஸ் மேலேயே நிற்கிறவன்.

தேர்ட் பேஸ் ஏன் இல்லை என்றால், அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் குறுக்காக 127 அடி. ஷார்ட்டைப் போலவே அதுவும் நீள த்ரோ.

நடுவரிசையை, அதாவது கேட்சர், ஷார்ட், செகண்ட், சென்டரை, 15 வயது வரை விடாதீர்கள். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் சொன்ன தற்காப்பு வரிசை ஃபர்ஸ்ட் பேஸில் தொடங்கி லெஃப்ட், ரைட், தேர்ட், சென்டர், செகண்ட், ஷார்ட் என்று போகும். கடினமான முனையிலிருந்து எளிய பக்கம் நகர்வது நடக்கும், எதிர்ப்பக்கம் அபூர்வம். மேஜர் லீக் வீரர்களைப் பாருங்கள்: மைக் ட்ரவுட் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப், மிகேல் கப்ரேரா ஒப்பந்தமானது ஷார்ட்ஸ்டாப்பாக, ராபின் யவுன்ட் 1985-ல் ஷார்ட்டிலிருந்து அவுட்ஃபீல்டுக்குப் போனவர். 13 வயதில் ஃபர்ஸ்ட் பேஸில் பூட்டி வைத்த பையனுக்கு இந்தக் கதவு எதுவும் கிடையாது.

முகமூடி:

டபுள்ப்ளே சொன்னதுல பெரும்பாலும் ஒத்துக்கறேன், ஒண்ணைத் தவிர. கேட்சரை இப்பவே அழிக்காதீங்க. 20-ல அஞ்சு தடவைதான் முகம் திரும்பியிருக்கு, பழக்கமே இல்லாத பையனுக்கு அது ரொம்ப நல்லது. பஸ்டர் போஸி காலேஜுக்கு ஷார்ட்ஸ்டாப்பா போய் அங்கதான் கேட்சர் ஆனார். ஹோர்ஹே போசாடா மைனர் லீக்ல செகண்ட் பேஸ்ல இருந்து மாறினவர். கால் வேலை தெரிஞ்ச இன்ஃபீல்டர் 16 வயசுல கேட்சர் ஆகலாம். நீங்க சொன்ன வரிசையில கேட்சர் இல்லாததே அந்த வேலை தனி ரகம்ங்கிறதாலதான்.

இப்போதைக்கு கணுக்கால்: சுவர்ல இருந்து 10 செ.மீ. தள்ளிக் கால் கட்டைவிரலை வச்சு, குதிகால் தூக்காம முழங்காலை சுவர்ல தொடணும். ரெண்டு காலுக்கும் 10 தடவை, தினமும். அது சுலபமா வந்தப்புறம் பயிற்சி நாள்ல வாரத்துக்கு ஒருதரம் 20 பிட்ச் வாங்கட்டும், ஆட்டத்துல வேண்டாம்.

டபுள்ப்ளே:

அது சரி. ஆனால் பிட்ச் செய்யும் வாரத்தில் அந்த 20-ஐயும் விட்டுவிட வேண்டும்.

இன்னிங்ஸ்9:

புரிகிறது. கடைசியாக ஒன்று: செகண்ட், ஷார்ட், சென்டர் மூன்றுக்கும் ஒரே கிளவுஸ் போதுமா?

ரெஸ்ட்டே:

செகண்ட், ஷார்ட் இரண்டுக்கும் 11.5 அங்குலம். ஆழம் குறைவாக இருந்தால் பந்து கைக்குச் சீக்கிரம் வரும். அவுட்ஃபீல்டுக்கு 12.5 அல்லது 12.75 வேண்டும். ஒன்றே வாங்க முடியும் என்றால் 11.75. சென்டரில் கொஞ்சம் சிறியது, ஷார்ட்டில் கொஞ்சம் பெரியது, இரண்டிலும் சமாளிக்கலாம். 12-க்கு மேல் வாங்கிவிட்டு இன்ஃபீல்டில் நிறுத்தினால் பந்து உள்ளே தொலைந்து, அளந்து பார்த்த அந்த 2.7 விநாடி 3-க்குப் போய்விடும். புது கிளவுஸை ஆட்டத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் மூன்று வாரமாவது தினமும் பிடித்துப் பழக்குங்கள்.